நகராத காய்

மருத்துவமனையின் அடித்தளத்தில் வண்டி நிறுத்தும் இடம். அங்கே சீட்டுக் கொடுக்கும் கூண்டில் அவள் உட்காரத் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. ஓட்டுநர்களுக்கெல்லாம் அவள் ‘பூத் அக்கா’. கூண்டு என்றால் கூண்டேதான். ஒரு நாற்காலி, ஒரு குட்டி மின்விசிறி, தள்ளித் திறக்கும் ஜன்னல், தடுப்புக் கம்பத்தைத் தூக்க ஒரு பச்சைப் பொத்தான். எழுந்து நின்று சோம்பல் முறித்தால் இரண்டு முழங்கையும் இரண்டு பக்கச் சுவரிலும் இடிக்கும். வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிற வண்டிகளின் கூரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

அந்தக் கூண்டுக்குள் அவளுக்குப் பித்துப் பிடிக்காமல் இருந்ததற்குக் கைபேசியில் இருந்த ஒரு விளையாட்டுதான் காரணம். ‘கடைசி அரண்’ என்று பெயர். விண்வெளியில் ஒரு கோட்டை, சுற்றிலும் எதிரிக் கப்பல்கள். நாம் ஒரு காய் நகர்த்தினால் எதிரி ஒரு காய் நகர்த்துவான். வண்டி வந்தால் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சீட்டுக் கொடுக்கலாம், எதிரி வாயைத் திறக்காமல் காத்திருப்பான். அவ்வளவு மரியாதை தெரிந்த ஆளை அவள் வேறெங்கும் கண்டதில்லை.

நான்கு வருடம் விளையாடிய பிறகு, கோட்டைக்குள் நிற்கும் காவல்தலைவி என்ற காயைப் பற்றிக் கதை எழுத ஆரம்பித்தாள். ஒரு வண்டிக்கு ஒரு வாக்கியம், அதுதான் கணக்கு. வண்டி வருவதற்குள் வாக்கியம் முடியவில்லை என்றால் அந்த வாக்கியம் நீளம் என்று அர்த்தம், வெட்டிவிடுவாள். விளையாடுகிறவர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் அதைப் போட்டாள். ஜனம் மொய்த்தது. விளையாட்டை உருவாக்கிய நிறுவனமே ஒரு நாள் கூப்பிட்டு, இதை முழு நாவலாக எழுதித் தர முடியுமா, அட்டையில் உங்கள் பெயர்தான் வரும் என்றது. ஒப்பந்தத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பதை மட்டும் அவள் கவனமாகப் படித்தாள். விளையாட்டின் விதியைக் கதை மீறக் கூடாது, சொன்ன தேதிக்குள் முடிக்காவிட்டால் வேறொருவரை வைத்து முடித்துக்கொள்வோம் என்ற இரண்டு வரிகளும் அதற்கு மேலேதான் இருந்தன.

வீட்டுக்கு வந்தால் அது இன்னொரு கூண்டு. தம்பியின் வீடு. “ரெண்டே மாசம்டா” என்று பெட்டியோடு வந்து இறங்கியவளுக்குப் பத்து வருடம் ஓடிவிட்டது. கூடத்தின் மூலையில் திரை கட்டி அதற்குப் பின்னால் படுக்கை. காலையில் தம்பியின் இரண்டு பெண்களுக்கும் தலை பின்னி, டப்பா கட்டி, சீருடைக்கு இஸ்திரி போட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். கதவு வைத்த ஓர் அறை, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுத ஒரு மேசை, இதற்கு மேல் அவளுக்கு ஆசை இல்லை. வாடகைக்கு அப்படி இரண்டு மூன்று அறைகளைப் பார்த்தும் வைத்திருந்தாள். ஆனால் எப்படிப் போவது? நான் இல்லாவிட்டால் இந்த வீடு ஒரு நாள் ஓடாது என்று அவள் முழுதாக நம்பினாள்.

அவளுடைய காவல்தலைவிக்கும் அதே பாடுதான். எழுநூறு பேர் அவளை நம்பிக் கோட்டைக்குள் இருந்தார்கள். இருபத்தொன்பது அத்தியாயம் அவர்களைக் காப்பாற்றிவிட்டு, முப்பதாவதில் ஒரு சின்னக் கப்பலில் ஏறி அவள் கிளம்பிவிடுகிறாள். அந்த அத்தியாயத்தை எழுதிய வாரம் பூத் அக்கா வண்டிக்காரர்களிடமெல்லாம் சிரித்துப் பேசினாள்.

விதி பார்ப்பதற்கென்றே நிறுவனத்தில் ஓர் ஆள் இருந்தார். மனதுக்குள் அவருக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாள். அவர்தான் தொலைபேசியில் வந்தார்.

“முப்பதாவது படிச்சேங்க. நல்லா இருக்கு. ஆனா இது நடக்காது.”

“எது நடக்காது?”

“காவல்தலைவி கிளம்புறது. அந்தக் காய் நகராதுங்க.”

“என்ன சார் சொல்றீங்க? ஆறு வருஷமா விளையாடுறேன்.”

“ஒரு தடவையாவது நகர்த்திப் பாத்திருக்கீங்களா?”

காய்களில் கப்பல்களை நகர்த்தியிருக்கிறாள், பீரங்கிகளை நகர்த்தியிருக்கிறாள். கோட்டையைக் காலியாக விட்டுவிட்டு யார் போவார்கள் என்று காவல்தலைவியை மட்டும் தொட்டதே இல்லை. தொட்டால் போகும் என்றே இருந்துவிட்டாள். பேச்சை முடித்த கையோடு விளையாட்டைத் திறந்து அந்தக் காயின் மேல் விரலை வைத்து இழுத்தாள். ம்ஹூம். இன்னும் அழுத்தி இழுத்தாள். ஆறு வருடம் இதுகூடத் தெரியாமல் இருந்தோமே என்று அவளுக்கு அவமானத்தில் கண் கலங்கியது. கூண்டுக்கு வெளியே மூன்று வண்டிகள் ஒலியெழுப்பிக்கொண்டிருந்தன.

ஒன்று அவளைக் கோட்டைக்குள்ளேயே சாகடியுங்கள், இல்லை உள்ளேயே இருக்க விடுங்கள், பத்து நாள் தருகிறேன் என்று சொல்லியிருந்தார் சட்டாம்பிள்ளை. அதற்குள் முடிக்காவிட்டால் யாரோ ஒருவர் வந்து முடித்துவிடுவார். தன் கையாலேயே அவளை உள்ளே வைத்துப் பூட்டுவதா, ஊர் பேர் தெரியாத ஆளிடம் தூக்கிக் கொடுப்பதா? இரண்டுக்கும் மனசு ஒப்பவில்லை.

நான்காம் நாள், விளையாட்டுத் திரையின் பட்டியலில் அடியில் இருந்த ‘கோட்டையை ஒப்படை’ என்ற பொத்தானை அமுக்கினாள். யாரும் அமுக்காத பொத்தான் அது, அமுக்கினால் ஆட்டம் முடிந்துவிடும். ‘நீங்கள் தோற்றீர்கள்’ என்று திரை முழுக்கச் சிவப்பாக எழுத்து வந்தது. எழுத்துகளின் இடுக்கில் என்னவோ அசைந்தது. மறுபடி ஆடி, மறுபடி தோற்று, மூக்கு திரையில் இடிக்கும்படி குனிந்து பார்த்தாள். எதிரியின் கப்பல் ஒன்று கோட்டை வாசலுக்கு வந்து, காவல்தலைவியை ஏற்றிக்கொண்டு திரைக்கு வெளியே போனது.

அவள் சொன்னதைக் கேட்டுச் சட்டாம்பிள்ளை தானும் ஒரு முறை தோற்றுப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் வந்தார். “அடேங்கப்பா! நகருதுங்க! இது எனக்கே தெரியாது. தோக்குறதுக்குன்னு யாரு விளையாடுறா?”

வழி கிடைத்துவிட்டது. கைதியாகப் போனாலும் வெளியே போகிறாள். இனி வேண்டியது பிரிவு மட்டும்தான். காவல்தலைவி “நான் போறேன்” என்று சொல்ல வேண்டும், எழுநூறு பேரும் அழுது அவள் காலைக் கட்டிக்கொள்ள வேண்டும். எழுதி எழுதிப் பார்த்தாள், அழுகை எல்லாம் போலியாகவே வந்தது. அவள் யாரையும் விட்டு அப்படிப் போனதில்லையே. எட்டாம் நாள் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. வீட்டில் சும்மா சொல்லிப் பார்ப்போம், அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவோம்.

சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள். “தனியா ஒரு ரூம் பாத்துட்டுப் போயிடலாம்னு இருக்கேன்டா.”

தம்பி தட்டிலிருந்து நிமிர்ந்தான். “எப்போக்கா?”

கேட்ட வேகத்தில் அவனே திகைத்துவிட்டான். அவன் மனைவி மேசைக்குக் கீழே அவனை இடித்தாள். “தப்பா நினைக்காதீங்க அண்ணி. பெரியவ அவளுக்குன்னு ஒரு இடம் வேணும்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கா. உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் நாங்க வாயே திறக்கல.”

“எத்தனை நாளா?”

“ஒரு நாலு வருஷமா” என்றான் தம்பி, மெதுவாக. “உனக்குப் போக இடமில்லையேன்னு இருந்தோம்.”

பத்து வருடம் யாரும் அவளைப் பிடித்து வைக்கவில்லை. “அட, சும்மாடா. கதைக்காகக் கேட்டுப் பாத்தேன்” என்று சிரித்தாள். தம்பியும் சிரித்தான். ஆனால் சிரிக்கும் முன் ஒரு கணம் அவன் முகம் தொங்கிப் போனதை அவள் பார்த்துவிட்டாள். பெரிய பெண் எழுந்து கை கழுவப் போனாள்.

“மாசக் கடைசியில போறேன்” என்றாள் பூத் அக்கா. “இது கதைக்கு இல்ல.”

பத்தாம் நாள் அத்தியாயம் போய்ச் சேர்ந்தது. அதில் யாரும் அழவில்லை. காவல்தலைவி கிளம்புகிறேன் என்றதும் எழுநூறு பேரில் முன்னால் நின்றவன் “எப்போது?” என்று கேட்கிறான், அவள் கப்பலில் ஏறுகிறாள், அவ்வளவுதான்.

சட்டாம்பிள்ளை கூப்பிட்டார். “விதிப்படி எல்லாம் சரியா இருக்குங்க. ஆனா அவன் ‘எப்போது’ன்னு கேக்குறானே, அதை எடுத்துடலாமா? இத்தனை வருஷம் காப்பாத்தினவளை யாராவது அப்படிக் கேப்பாங்களா? நம்புற மாதிரியே இல்ல.”

“இருக்கட்டும் சார்” என்றாள் அவள். “நாவல்ல அது ஒண்ணுதான் நான் கற்பனை பண்ணாதது.”