விண்ணப்பிக்காமல் இருந்த மாதங்கள்

என் தம்பி கிரெடிட் கார்டுக்கு முதன்முதலாக விண்ணப்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. 2011 வாக்கில் இருக்கும். ஹைதராபாத்தில் ஏ.எஸ்.ராவ் நகரை ஒட்டிய தொழிற்சாலைக் குடியிருப்பில், அப்பாவுக்கு ஒதுக்கப்பட்ட வீட்டின் கூடத்தில், மடிக்கணினியோடு தரையில் உட்கார்ந்திருந்தான். கச்சிபௌலியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

பத்திரிகை அலுவலகத்தில் செய்தி திருத்திக்கொண்டிருந்த எனக்கு, வங்கி என்றால் வரிசையும் முத்திரையும்தான். அவனோ பெயர், பிறந்த தேதி, பான் எண், சம்பளம் என்று நிரப்பி ஒரு பொத்தானை அழுத்தினான். நன்றி என்றது திரை. உடனே அடுத்த வங்கியின் பக்கத்தைத் திறந்தான். அம்மா காபி கலந்து கொண்டுவருவதற்குள் ஏழு வங்கிகளிடம் கேட்டு முடித்திருந்தான்.

"எல்லாத்துக்குமா போடுத?" என்றாள் அம்மா.

"ஏதாவது ஒண்ணு வந்தா போதும்மா. ஏர்போர்ட்ல லவுஞ்ச் ஃப்ரீ."

"அதுவும் சரிதான். பத்து எடத்துல ஜாதகம் குடுத்து வச்சாத்தான ஒண்ணு அமையும்."

எங்கள் வீட்டில் எல்லாம் அப்படித்தான் கிடைத்திருந்தன. தம்பியின் பொறியியல் இடம், அவன் வேலை, எனக்கு வந்த மாப்பிள்ளை, எல்லாமே பல இடங்களில் கேட்டு வைத்து ஓரிடத்தில் அமைந்தவை. கேட்கப்பட்டவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வார்கள் என்ற எண்ணம் எங்களில் யாருக்கும் இருந்ததில்லை.

கார்டு எதுவும் வரவில்லை. வருந்துகிறோம் என்று ஒவ்வொரு வங்கியாகக் குறுஞ்செய்தி அனுப்பியது. ஒரு வருத்தம் வந்ததும் தம்பி இன்னொரு வங்கியைத் தேடினான். சம்பளம் வருகிறது, வண்டிக் கடன் தவிர வேறு கடன் இல்லை, யாராவது கொடுத்துத்தானே ஆகவேண்டும் என்பது அவன் கணக்கு.

அந்த ஆண்டு அப்பா ஓய்வு பெற்றார். பொதுத்துறை மின்னணுத் தொழிற்சாலையில் அளவுக் கருவிகள் பிரிவின் பொறியாளர். குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். கூடுதல் வாடகை கட்டினால் சில மாதங்கள் இருக்கலாம், அதற்குமேல் முடியாது. கச்சிபௌலிக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு, ஓய்வின்போது வந்த பணத்தில் பெரும்பகுதியை முன்பணமாகக் கொடுத்திருந்தார். மீதி தம்பியின் பெயரில் வீட்டுக்கடன். கடன் கிடைக்காவிட்டால் முன்பணத்தில் பிடித்தம் போக மிச்சத்தை வாங்கிக்கொண்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு வாடகை வீடு தேட வேண்டியதுதான்.

வங்கியில் கடன் பிரிவு அதிகாரி நடுவயதுப் பெண், பழைய ஹைதராபாத்காரர். தம்பியின் பான் எண்ணைத் தட்டினார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"கைக்கு சாப்? ஏக்கிச் தின் மே இத்தே பேங்க்காங் கூ?"

ஒரே நாளில் இத்தனை வங்கிகளிடம் எதற்குக் கேட்டீர்கள் என்கிறார். தம்பி என்னைப் பார்த்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஏழு வங்கிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. அவற்றுக்குக் கீழே, பிற்பாடு அவன் தேடிப்போன வங்கிகள். மேலே மூன்று இலக்கத்தில் ஒரு எண், கிரெடிட் ஸ்கோராம். அது போதாது என்றார். ஒவ்வொரு முறை விண்ணப்பிக்கும்போதும் அந்த வங்கி இவனைப் பற்றி விசாரிக்கிறது, விசாரித்தது எல்லா வங்கிகளும் பார்க்கிற ஒரே பதிவேட்டில் ஏறுகிறது, பதிவுகள் குவிந்தால் பணத்துக்குத் தவிக்கிற ஆள் என்று எண் இறங்குகிறது. இவன் கேட்டது ஓசியில் சாய்ந்து உட்கார விமான நிலையத்தில் ஒரு நாற்காலி. அது அந்த எண்ணுக்குத் தெரியாது.

அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "மேடம், என்னையும் சேத்துக்குங்க. என் சர்வீஸ்ல ஒரு பைசா கடன் வாங்கினது கெடயாது" என்று இந்தியில் சொன்னார். குரலில் பெருமை இருந்தது.

அப்பாவின் பான் எண்ணையும் அதிகாரி தட்டினார். திரை காலியாக வந்தது.

"நீங்கள் இதில் இல்லையே, சார்" என்றார் அதிகாரி. கடன் வாங்காதவருக்கு வரலாறு கிடையாதாம். கெட்ட பெயரும் இல்லை, நல்ல பெயரும் இல்லை.

அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் பிரிவுக்கு வந்திறங்கிய புதுக் கருவியைப் பார்ப்பதுபோல அந்தக் காலித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறங்கினது ஏறுமா?"

"ஏறும் சார். எதற்கும் விண்ணப்பிக்காமல் ஆறு மாதம் சும்மா இருக்கட்டும். ஃபோன் பில், வண்டிக் கடன் தவணை, எதுவும் தேதி தவறக்கூடாது. பிறகு வாருங்கள்."

வெளியே வந்ததும் தம்பி, "சாரிப்பா" என்றான்.

"ஏல, அது கெடக்கட்டும். தொட்டுத் தொட்டுப் பாத்தா ஊசி ஆடத்தான செய்யும்? மீட்டர்னா அப்படித்தான்" என்றார் அப்பா. "ஆனா நாங்க செஞ்ச மீட்டர்லாம் ஒரு மேசைக்குள்ள அடங்கும். இத செஞ்சவன் நாட்டுக்கே ஒண்ணு செஞ்சு வச்சிருக்கானே!"

கட்டட வேலை முடியும்வரை பொறுக்க வீடு கட்டுகிறவர் ஒத்துக்கொண்டார். அப்பா கூடுதல் வாடகை கட்டினார். தம்பிக்கு இருந்த ஒரே வேலை சும்மா இருப்பது. எங்கள் வீட்டில் யாருக்கும் வராத வேலை அது. எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் ஓரத்தில் விண்ணப்பிக்கச் சொல்லி ஒரு பொத்தான் மின்னியது. கார்டு விற்கிறவர்கள் தொலைபேசியிலும் அழைத்தார்கள். அவன் குளிக்கப் போயிருந்தால் அப்பா எடுத்து, வேண்டாம் என்பதை ஹைதராபாத் பேச்சில் சொன்னார்.

"நக்கோம்மா, நக்கோ. ஃப்ரீயா குடுத்தாலும் நக்கோ."

"பாவம், அந்தப் பொண்ணு வேலை அது. வெடுக்குனு பேசாதீங்க" என்பாள் அம்மா.

"நான் எங்க வெடுக்குனு பேசுதேன்? உன் மவன் ஊசிய ஆட்டாம நிக்க வைக்கேன்."

தம்பி வண்டிக் கடன் தவணையைத் தேதிக்கு முன்பே கட்டினான். செல்போன் பில் வந்த அன்றே கட்டினான். "டென்ஷன் நக்கோப்பா, கட்டியாச்சு" என்பான். அப்பா ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். இடையில் எண்ணைப் பார்க்க எங்களில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. நம் எண்ணை நாமே பார்ப்பதால் ஒன்றும் குறையாது என்று அதிகாரி சொல்லியிருந்தும், அப்பா கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

குடியிருப்பைக் காலி செய்யும் கெடு நெருங்கியபோது மீண்டும் அதே வங்கி, அதே மேசை. அதிகாரி தட்டினார். தம்பி தரையைப் பார்த்தான். அப்பா அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஹோ ஜாதா, சாப்" என்றார். ஆகிவிடும்.

திரையைத் திருப்பினார். எண் மேலேறியிருந்தது. அந்தப் பழைய விசாரணைகள் ஒன்றும் அழியவில்லை, அதே வரிசையில் இருந்தன. அவற்றுக்குப் பின் புதிதாக ஒன்றும் சேரவில்லை என்பதும், ஒவ்வொரு தவணையும் அதனதன் தேதியில் வந்துசேர்ந்தது என்பதும் கட்டம் கட்டமாகப் பதிவாகியிருந்தன. எங்கள் கூடத்தில் அவன் சும்மா இருந்ததை எங்கேயோ ஒன்று ஒருநாள் விடாமல் கவனித்திருக்கிறது.

தம்பி கையெழுத்துப் போடத் தொடங்கினான். பக்கங்கள் புரண்டுகொண்டே இருந்தன. அப்பா அவன் பக்கம் திரும்பவில்லை.

"மேடம், இதை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்?"

"யாரும் இல்லை சார். சிஸ்டம்."

"எல்லாருக்குமா?"

"ஹவ் சாப். எல்லாருக்கும்."

அப்பா என்னிடம் திரும்பித் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார்: "ஆளே இல்லாம இத்தன பேரையும் பாக்குது, ஏளா. ஒரு ஊசிகூடத் தப்பா நிக்கலயே."