அக்கா கட்டிய அடுப்பு நிற்கிறது

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்காக மலையேறி வந்திருக்கும் உறவினர்களுக்கும், அவருடைய நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம்.

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் உங்களில் பலர் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்திருப்பீர்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே இருக்கும் அடுப்பை நாங்கள் இடிக்கவில்லை. இடிக்கப்போவதும் இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது என்று என் மனைவி சொன்னாள். அது சரியாகத்தான் பட்டது.

அட்டையில் இருக்கும் படத்தைப் பற்றியும் கேட்பீர்கள். பட்டுப்புடவையில் ஸ்டுடியோவில் எடுத்த படம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதைப் போடவில்லை. முழங்கை வரை செம்மண்ணோடு, நெற்றியில் மண் தீற்றலோடு அக்கா சிரிக்கும் படத்தைத்தான் போட்டிருக்கிறோம். அவர் அப்படிச் சிரித்து எடுத்த படம் வேறு கிடையாது.

அக்கா ஜவ்வாது மலையில், இதே வீட்டில் பிறந்தார். எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இரண்டே பேர். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். சாமை அறுப்பிலும் புளி உலுக்குவதிலும் அப்பாவுக்குச் சமமாக நிற்பார். அப்பா புளியமரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தபின் அக்கா பெங்களூருக்கு வேலைக்குப் போனார். ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினார். பிறகு மாவு பிசைந்தார். அங்கே விறகு வைத்து எரிக்கும் பெரிய பீட்சா அடுப்பு ஒன்று இருந்தது. குகை மாதிரி குவிந்த கூரை, முன்னால் ஒரு வாய். அந்த அடுப்பில் எப்போது விறகைத் தள்ள வேண்டும், எப்போது ரொட்டியைத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. ஆனால் சாப்பிட வருகிறவர்கள் கண்ணாடி வழியாக அடுப்பைப் பார்ப்பார்கள் என்பதால் மாலையில் அங்கே தொப்பி போட்ட வேறு ஆளைத்தான் நிறுத்துவார்களாம். காலையில் ஆளில்லாத நேரத்தில் மட்டும் அக்கா அடுப்பருகே நிற்பார். இருபது வருடம் இப்படிப் போயிற்று.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

நெஞ்சுவலி வந்து, இனி அந்த வேலை ஆகாது என்று மருத்துவர் சொன்னபின் அக்கா ஊர் திரும்பினார். வந்த மூன்றாம் நாள் கொல்லையில் நின்று கையை விரித்து இடம் அளந்தார்.

"இன்னாக்கா, கோழிக்கூண்டா?" என்று கேட்டேன்.

"அடுப்புடா. பீட்சா அடுப்பு. அங்க இருபது வருஷம் அடுத்தவங்க அடுப்பு. இது என்னுது."

அன்றே வேலை தொடங்கியது. கருங்கல்லும் மண்ணும் வைத்து இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டினோம். அதன்மேல் மணல் பரப்பி, சூடு தாங்கும் செங்கல்லை இடுக்கு இல்லாமல் அடுக்கினோம். செங்கல் கலசப்பாக்கத்தில் ஒரு சூளைக்காரர் தந்தது. பிறகு ஈர மணலைக் குவித்து, அதன்மேல் நனைத்த செய்தித்தாளை ஒட்டி, அதற்கும் மேல் களிமண்ணும் மணலும் மிதித்துக் கலந்த சேற்றை நாலு விரல் கனத்துக்குப் பூசினோம். மேல்மண் இறுகியதும் வாய் வெட்டி உள்ளே இருக்கும் மணலைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். அப்போது கூரை மட்டும் நிற்கும். அது நின்ற அன்று அக்கா தலையை உள்ளே விட்டு, "ஏய்!" என்று கத்திப் பார்த்தார். உள்ளிருந்து குரல் திரும்பி வந்தது.

அப்போதே சிலர் பேசத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் பெரியப்பா வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, உசுரோட இருக்கும்போதே சமாதி கட்டிக்கினு இருக்கே?" என்றார். "ஆமா பெரியப்பா, உங்க அளவுக்குத்தான் கட்டியிருக்கேன், உள்ள போய்ப் படுத்துப் பாருங்க" என்றார் அக்கா. பெரியப்பாவே சிரித்துவிட்டார்.

இனி நான் எழுதப்போவது என் தப்பு. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மண் அடுப்பு வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். ஒரு வாரம், பத்து நாள், கைப்பிடி சுள்ளி வைத்துச் சிறு நெருப்பாக எரித்து அந்த ஈரத்தை வெளியேற்ற வேண்டும். அக்கா இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் நம் ஊரில் புது அடுப்பு என்றால் நல்ல நாள் பார்த்து, முதல் நெருப்பே கொழுந்துவிட்டு எரிய வேண்டும், பால் பொங்க வேண்டும். நாள் பார்த்துக் கொடுத்தவர் பெரியப்பா. உறவினர்கள் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அக்கா கற்பூரம் ஏற்றி நாலு சுள்ளியை வைத்துவிட்டுப் பால் எடுக்க வீட்டுக்குள் போனார்.

"இன்னாடா இது, பீடி புகைச்சா மாதிரி இருக்குது? புது அடுப்புல புகைய வுட்டா வூட்டுக்கு ஆவாது. கட்டைய போடு" என்றார் பெரியப்பா.

நான் வீட்டுக் கதவைப் பார்த்தேன். பதினைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். புளியங்கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக நாலு போட்டேன். நெருப்பு வாய்க்கு வெளியே வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா பால் சொம்போடு வந்து நின்றபோது உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. உச்சியிலிருந்து வாய் வரை விரிசல் ஓடியது. சாயங்காலத்துக்குள் பாதிக் கூரை உள்ளே விழுந்துவிட்டது.

எல்லோரும் போனபின் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வாயத் தொறந்து, அக்கா வரட்டும்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதாடா?"

மறுநாள் காலை எழுந்து பார்க்கிறேன், அக்கா உடைந்த மண்ணைக் கட்டியாகக் கட்டியாகத் தொட்டியில் போட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தார். "அப்டியே நிக்காத, வந்து மிதி" என்றார். இரண்டாவது கூரையை அந்த மண்ணிலேயே எழுப்பினோம். இந்த முறை மணலைத் தோண்டி எடுக்கும்போது அக்காவுக்கு மூச்சு வாங்கியது. வாரிப் போட்ட மணல்மேல் உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பக்கம், இன்னும் அந்தப் பக்கம்" என்று விரலால் சொன்னார். நான் எடுத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் அவரைத் திருப்பத்தூர் மருத்துவமனையில் சேர்த்தோம். ஐந்து நாள் இருந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வலியைப் பற்றிக் கேட்டார்கள். அக்கா என்னிடம் அடுப்பைப் பற்றிக் கேட்டார்.

"விரிசல் வுட்டிருக்கா?"

"இல்லக்கா."

"ஈரச் சாக்கு போட்டியா? வெயில்ல வுடாத."

"போட்டிருக்கேன்."

"சுள்ளிதான் வைக்கணும். யார் வந்து இன்னா சொன்னாலும்."

நான் தலையாட்டினேன். நான் தலையாட்டினால் அதற்கு எவ்வளவு மதிப்பு என்று அக்காவுக்குத் தெரியும். என் கையைப் பிடித்து, "வாயால சொல்லு" என்றார். சொன்னேன். மறுநாள் விடியற்காலை அக்கா போய்விட்டார்.

காரியம் முடிந்த அன்று பெரியப்பா கடப்பாரையோடு கொல்லைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் உங்களில் சிலரும் வந்தீர்கள். யார் யார் என்று எழுதப்போவதில்லை.

"அது அடுப்பு இல்லடா, சமாதி. நான் அன்னைக்கே சொன்னேன். அவ தனக்குத்தானே கட்டிக்கினா, அது அவள வாரிக்கினு போய்டுச்சு. இன்னும் வச்சிகினு இருந்தா அடுத்தது உன் பொண்டாட்டிதான். தள்ளு."

என் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "நான் போறதுன்னா போறேன் பெரிய மாமா. வேல பாதில நிக்குது, முடிச்சிட்டுப் போறேன்" என்றாள்.

நான் அடுப்பின் வாய்க்கு முன்னால் போய் நின்றேன். முதுகு மண்ணில் பட்டது. "வேணாம் பெரியப்பா" என்றேன். பெரியப்பாவுக்குக் காது மந்தம். "இன்னாடா?" என்றார். என் வாழ்க்கையில் பெரியவர் ஒருவரிடம் முதல்முறையாக மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், அது அவர் காதில் விழவில்லை. இரண்டாவது முறை கத்த வேண்டியதாயிற்று. "இடிக்க வுடமாட்டேன்! இது எங்க அக்கா அடுப்பு!" தெருக்கோடி வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். பெரியப்பா கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுப் போனார்.

அக்காவைக் கொண்டுபோனது அவருடைய இதயம். மண்ணும் செங்கல்லும் அல்ல. அடுப்பு கட்டிய நாட்களில்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு இருந்தார். வீட்டில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள்.

பிறகு பதினோரு நாள் சுள்ளி நெருப்பு. காலையில் ஒரு கைப்பிடி, மாலையில் ஒரு கைப்பிடி. தெருவில் போகும் மச்சான் ஒருவர் தினமும் நின்று விசாரிப்பார். "இன்னா மாமா, அடுப்புக்கு ஜொரம் வுட்டுதா? கஞ்சி குடிச்சிதா?" நான் சுள்ளி ஒடித்தேன். நாட்கள் ஏற ஏறச் சுள்ளியின் கனத்தைக் கூட்டினேன். பதினோராம் நாள் உள்கூரையில் படிந்த கரி தானாக எரிந்து வெளுத்தது. ஈரம் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். கூரையில் மயிரிழை விரிசல்கூட இல்லை. அதன்மேல் சாமை வைக்கோல் கலந்த மண்ணை இன்னொரு சுற்றுப் பூசி மெழுகினோம். இப்படி அடுப்பு வேலை முடிந்தது.

முதல் பீட்சா அடி கரிந்து மேலே பச்சையாக இருந்தது. "இத தின்னா பெரிய மாமா சொன்னது பலிச்சிடும்" என்றாள் மனைவி. இரண்டாவதை நாய்க்குப் போட்டோம். மூன்றாவது சரியாக வந்தது. அக்கா சொல்லியிருந்தபடி மைதாவோடு ஒரு பங்கு சாமை மாவு, மேலே தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய், திருப்பத்தூரில் வாங்கிய சீஸ். நானும் மனைவியும் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அக்காவை மலையிலிருந்து ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கிய வண்டி ஓட்டுநருக்கும், ஐந்து நாளும் அவரை அம்மா என்று கூப்பிட்ட செவிலியருக்கும், மாவு புளிக்கும் பக்குவத்தைத் தொலைபேசியில் எனக்குத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்த அக்காவின் பெங்களூர் தோழிக்கும், செங்கல் தந்த சூளைக்காரருக்கும் எங்கள் நன்றி. இந்தக் கட்டுரையில் எழுத்துப் பிழை திருத்தித் தந்த அச்சகத்தாருக்கும் நன்றி. பிழையைத் தவிர எதையும் திருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் அப்படியே செய்தார். பெரியப்பாவுக்கும் நன்றி. அன்று அவர் "இன்னாடா?" என்று திருப்பிக் கேட்காமல் போயிருந்தால் நான் இன்றைக்கும் வாய் திறந்திருக்கமாட்டேன்.

இன்று படையலில் சோறும் வடையும் பாயசமும் இருக்கும். அக்காவின் பீட்சாவும் இருக்கும். நீங்கள் இதைப் படிக்கும் நேரம் நான் அடுப்பின் வாயருகே நின்றுகொண்டிருப்பேன். தொப்பி இல்லை, கண்ணாடி இல்லை, கிட்டே வந்து பார்க்கலாம். நானே வெட்டிக் கையில் தருவேன். அடுப்பை இடிப்பது பற்றிப் பேச வருகிறவர்களுக்கும் ஒரு துண்டு உண்டு. சாப்பிட்டுவிட்டுக் கேளுங்கள். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் வாயால்தான் பதில் சொல்வேன்.