தாயில்பட்டிக் கிணறும் நான் வாங்க வைத்த மோட்டாரும்

அறுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் மதுரையிலிருந்து தாயில்பட்டிக்கு அவசரமாகக் கிளம்பினேன். தங்கை செல்லத்தாயி கடுதாசி போட்டிருந்தாள். "மோட்டார் போட்டா கொஞ்ச நேரத்துல தண்ணி நின்னுபோகுது. கிணத்த ஆழப்படுத்த வெடி வைக்கப் போறாக. நீங்க வந்து நிறுத்துங்கண்ணே."

நான் மோட்டார் கடையில் வேலை பார்த்தேன். தங்கை வீட்டார் மாட்டை விற்று, கமலையில் தண்ணீர் இறைப்பதை விட்டு, ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் வாங்கியதே என் நச்சரிப்பால்தான். கரண்டு வந்த பிறகும் மாட்டை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருப்பதா என்று கேலி வேறு செய்திருந்தேன்.

காலை ஆறு மணிக்கு ரயில். ஏழரைக்கு விருதுநகர். அங்கிருந்து சிவகாசிக்குப் பதினாறு மைல், பஸ்ஸுக்கு அறுபது பைசா. ஆள் நிறைந்தும் வண்டி கிளம்பவில்லை. கூரையில் காகிதக் கட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. கண்டக்டரிடம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன்.

"லோடு ஏறாம எப்படி எடுக்க? செத்த சும்மா உக்காருங்க" என்றார்.

சும்மா உட்கார எனக்கு எப்போதுமே வராது.

சிவகாசியில் பஸ் மாறி இன்னும் ஒன்பது மைல். வழிநெடுகத் தீப்பெட்டிகள் வெயிலில் காய்ந்தன. மழை பெய்தால் அந்த வேலை கெடும், பெய்யாவிட்டால் என் தங்கையின் மிளகாய் கெடும். அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

பதினொரு மணிக்குக் கிணற்றடி. தங்கை வீட்டுக்காரர் முத்தையா சுவிட்சைப் போட்டார். தண்ணீர் பீறிட்டது. சரியாக நாற்பது நிமிடம். பிறகு கிணறு வற்றிக் குழாய் காற்றை இழுத்தது.

"கமலையில மாடு திரும்பி வாரதுக்குள்ள ஊத்து ஊறிரும்ணே" என்றாள் செல்லத்தாயி. "இந்த மோட்டாருக்கு நிக்கத் தெரியல. காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி ஓட்டுவோம். மிளகாய்க்கு அம்புட்டுப் போதும்."

பாறையில் குழி போட்டு முடித்த வெடிக்காரர் மருந்துப் பையோடு காத்திருந்தார்.

"என்ன மச்சான் சொல்றீக?" என்று முத்தையா என் முகத்தைப் பார்த்தார்.

நிறுத்த வந்தவன் நான். ஆனால் அரை மணி ஓட்டவா அவ்வளவு பெரிய மோட்டார்? எனக்கு மானக்கேடாக இருந்தது. "ஆறடி இறக்குங்க. நாள் முழுக்க ஓடும்" என்றேன். தங்கை வரப்பில் இறங்கிப் போனாள்.

இரண்டு மணிக்கு வெடித்தது. புகை அடங்கி எட்டிப் பார்த்தோம். அடிப்பாறையில் ஒரு விரிசல். ஊறி நின்ற தண்ணீர் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் கிணற்றில் வெறும் கல்தான் கிடந்தது. ஊற்று திரும்பவே இல்லை.

செல்லத்தாயி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "காப்பியக் குடிச்சிட்டுப் போங்கண்ணே, பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றாள். அடுத்த வாரமே தீப்பெட்டி ஆபீசுக்குக் கூலி வேலைக்குப் போனாள். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் காலை ரயிலையே பிடியுங்கள். சித்திரை வெயிலுக்குத் தண்ணீர் கொண்டுபோங்கள். கிணற்றுக்கு மோட்டார் வாங்குகிறவர்கள், முதலில் ஒரு நாள் முழுக்கக் கிணற்றடியில் உட்கார்ந்து, இறைத்த தண்ணீர் திரும்ப ஊற எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மோட்டாருக்கும் அன்று மணி பார்த்தேன். அதற்கு மட்டும் பார்க்கவில்லை.