கிளாத்திக்குச் சாயம் பார்த்த ஊர்

அந்த யோசனை எனக்கு வந்தது தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில், கோழித்தீவனத்துக்குப் போகும் லாரியின் பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோது. என்னோடு விலங்கியல் படித்த தோழியின் அண்ணன், தன் வள்ளத்திலிருந்து கூடை கூடையாக ஒரு மீனைக் கொண்டுவந்து அந்த லாரியில் கொட்டிக்கொண்டிருந்தார். கருநீல உடம்பு, பிறை போன்ற வால், வெற்றிலை போட்டதுபோலச் சிவந்த பல். கிளாத்தியில் ஒரு வகை. சில வருஷங்களுக்கு முன்புவரை அந்தப் பக்கம் அபூர்வமாகத்தான் தட்டுப்படுமாம். இப்போது வலையை இழுத்தால் பாதிக்குப் பாதி இதுதான்.

“இதைச் சாப்பிட மாட்டாங்களா?” என்று கேட்டேன்.

“நாங்க வீட்டுல தோலை உரிச்சுத் தின்னுதோம்ட்டி. சந்தைல எவன் வாங்குதான்? கறுப்பா இருக்காம், தோலு செருப்பு மாதிரி இருக்காம்” என்றாள் பக்கத்தில் நின்ற தோழி. “டீசலுக்கே கட்டல. வள்ளத்தை வித்துட்டு கம்பெனி வேலைக்குப் போறேன்னு நிக்கான் அண்ணன்.”

அன்று மதியம் அவர்கள் வீட்டில் அந்த மீனைத்தான் தின்றேன். வெள்ளை வெளேரென்ற சதை. முள் தொந்தரவு இல்லை. தின்றுகொண்டே எங்கள் ஊர் போடியை நினைத்தேன். ஐஸில் கிடந்து கண் குழிந்த சங்கராவையும், வஞ்சிரம் என்ற பெயரில் வெட்டி வைத்திருக்கும் எதையோ ஒன்றையும், “பிரஷ்ஷா பாய்?” என்று கேட்டுவிட்டு ஞாயிறுதோறும் வாங்கிப் போகிற மகாஜனங்கள். அவர்கள் தின்ன ஆரம்பித்தால் வள்ளம் தப்பிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

படித்தவர்கள் இந்த மீனுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இதற்காகக் கருத்தரங்கே நடத்தினார்கள். ‘மதிப்புக் கூட்டுதல்’ என்று ஆளுக்கொரு முறை சொன்னார்கள். ஊறுகாய் போடலாம், கட்லெட் போடலாம் என்று திரையில் படம் காட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கோழிப் பிரியாணி போட்டார்கள்.

போடியில் மீன்கடை வைத்திருக்கும் பாயிடம் ஒரு வாரம் நச்சரித்தேன். மலையடிவாரத்தில் பிறந்துவிட்டுக் கடல் மீனைப் படித்தவள் என்று ஏற்கெனவே என்னைப் பார்த்தாலே சிரிக்கிற மனிதர்.

“ஒரே ஒரு பெட்டி ஆத்தா, உன் தொல்லைக்காக. போகலைன்னா நீயே தூக்கிட்டுப் போயிரணும்” என்றார்.

பெட்டி வந்தது. ஈரச் செய்தித்தாளை விரித்து மூடியிருந்தார்கள். ஞாயிறு காலை பாய் அதைப் பிரித்துப் பலகையில் அடுக்கியதும் கூட்டம் சேர்ந்தது. வாங்க அல்ல, பார்க்க.

“பல்லு என்ன இப்படிச் செவந்து கெடக்கு? மனுசனக் கினுசனக் கடிச்சிருக்குமோ?” என்றாள் சிலமலையிலிருந்து வந்த ஒரு அம்மா.

“வெத்தல போட்டிருக்கும் மதினி. மொய் வைக்க வந்திருக்கு” என்றார் பின்னால் நின்றவர்.

அப்போது எங்கள் தெருவிலிருக்கும் ஏலக்காய் வியாபாரி வந்தார். ஏலக்காயைக் கையில் எடுத்தாலே பச்சைச் சாயம் ஏற்றியதா இல்லையா என்று சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பேர். மீனைப் பார்த்தார். வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார், ஐஸ் தண்ணீரில் நனைத்தார், ஏலக்காயைத் தேய்ப்பதுபோலவே மீனைத் தேய்த்தார். கைக்குட்டை கறுத்தது.

“பாத்தியா! சாயம்!”

“மாமா, அது பேப்பர் மையி. பெட்டிக்குள்ள நியூஸ் பேப்பர் போட்டு அனுப்பியிருக்காங்க. மீனு நெறமே இதுதான்” என்றேன்.

“எனக்கே சாயத்தப் பத்திப் பாடம் எடுக்கிறியா? எத்தனை லோடு பாத்திருப்பேன்!”

அவ்வளவுதான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் முந்தானையையும் துண்டையும் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். செவுளைத் தூக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கடலுக்குள் இறங்கி ஒவ்வொரு மீனாகப் பிடித்து எவன் நீலம் பூசிவிடுவான் என்றும் தோன்றவில்லை. சாயத்தைப் பற்றி ஏலக்காய் விற்கிற நம் ஊருக்கு மட்டும் எப்படி இவ்வளவு தெரியும் என்ற கேள்வியை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அது மரியாதை.

ஒருவர் மட்டும் பெயர் சொன்னார். மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர், கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்.

“இது கிளாத்தி அல்லே? எங்க ஊர்ல நல்லாப் போகும். தொலி பொளிச்சுத் தந்தா எடுக்காம்.”

தோலை உரித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாராம்! எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. பாய் கத்தியை எடுத்தார். அந்தத் தோலில் கத்தி வழுக்கியது. அதே தோலை நுண்ணோக்கியில் வைத்துப் படம் வரைந்து மதிப்பெண் எடுத்த நான் கத்தியை வாங்கி முயன்றேன். எனக்கும் வழுக்கியது.

“வெரசா குடுங்க, ஆளு காத்து நிக்கிது” என்ற டிரைவர், கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சங்கராவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கண் குழிந்த சங்கரா.

பெட்டியைச் சொன்னபடி நானே தூக்கி வந்தேன். தோழிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவளுடைய அண்ணன் போனை வாங்கி, “சாயமா? நாங்க பெயின்ட் அடிக்கோம்னு நெனச்சாங்களா!” என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு நின்றதும், வள்ளத்தைப் பார்க்க ஆள் வந்துபோனதாகச் சொன்னார். இன்னும் விலை பேசவில்லையாம்.

“பேசாதீங்கண்ணே. முதல்ல தோலை எப்படி உரிக்கிறதுன்னு காட்டுங்க” என்றேன்.

வீடியோவில் காட்டினார். முதுகு முள்ளுக்குப் பின்னால் கீறி, குறடால் விளிம்பைப் பிடித்து வால் பக்கமாக ஒரே இழுப்பு. மிஞ்சிய மீனில் ராத்திரிவரை பழகினேன். கையெல்லாம் கீறல். கடைசியில் சட்டையைக் கழற்றுவதுபோல வந்தது.

சாயம் பார்ப்பவர்களுக்கு வஞ்சிரம் என்று சொல்லி எதையாவது விற்கட்டும் பாய். தோழியின் அண்ணனிடம் அடுத்த பெட்டிக்குச் சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிறு அதை உரித்து ஐஸில் போட்டுக்கொண்டு, தோட்டத்து ஜீப்புகள் ஆள் ஏற்றும் இடத்தில் நிற்கப் போகிறேன். முதலில் மலையாளம் பேசுகிறவர்களிடம் கேட்பேன்.