மாடி ஏறாத வண்டி

திங்கட்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடம். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் போர்ட்டிகோவில் நான் முதலில் பார்த்தது ஆறு மூன்று சக்கர வண்டிகளை. நீல நிறம். சீட்டின் மேல் பாலித்தீன் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு அக்காவை அதில் ஒன்றில் உட்கார வைத்து, பதினான்கு கிலோமீட்டரும் நானே தள்ளிக்கொண்டு கிரிவலம் போவதென்று நின்ற இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். எனக்குப் பத்து வயது.

அக்காவுக்குப் பதின்மூன்று. பிறந்ததிலிருந்தே அவளுக்கு இரண்டு கால்களிலும் பலமில்லை. அப்பா சைக்கிள் கேரியரில் வைத்துக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். ஏழாம் வகுப்பு வரை சிக்கல் வரவில்லை. எட்டாம் வகுப்பு மாடியில் இருந்தது.

கல்வி உரிமைச் சட்டம் அப்போது புதிது. பள்ளிக் கட்டிடத்துக்குள் தடையில்லாமல் போய்வர வழி இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி உண்டு. எங்கள் பள்ளிக்கூடம் அந்த வரியை மதித்து வாசலில் ஒரு சாய்தளம் கட்டியது. கைப்பிடிக்கு மஞ்சள் பெயின்ட்கூட அடித்தார்கள். சாய்தளம் ஏறி நேராகப் போனால் மாடிப்படி வரும். மொத்தம் பதினெட்டுப் படிகள்.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. அக்காவின் கணக்கு நோட்டை மற்ற வகுப்புகளுக்கு எடுத்துப்போய்க் காட்டியவர் அவர். "வீட்லயே இருந்து படிக்கட்டும்மா. வாரம் ஒருநாள் ஸ்பெஷல் டீச்சர் வீட்டுக்கே வருவாங்க. அதுக்கும் ரூல் இருக்குது" என்று அம்மாவிடம் சொன்னார். ரூல் இருந்தது உண்மைதான். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகளுக்காக எழுதியது அது.

அம்மா தன் தம்பியிடம் முறையிட்டாள். மாமாவுக்குக் கலெக்டர் ஆபீஸ் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. தினமும் ஆயிரம் அரசாங்கக் காகிதம் தன் கை வழியே போவதால், அரசாங்கமே தன் கை வழியாகத்தான் நடக்கிறது என்று அவருக்கு ஓர் எண்ணம். மனு வாங்கும் திங்கட்கிழமையன்று எங்களை வரச்சொன்னார். மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம், "நம்ம அக்கா பொண்ணு. நடக்க முடியாது. ஒரு மனு" என்று மட்டும் சொன்னார். அவர் அக்காவின் கால்களை ஒருமுறை பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நடக்க முடியாத பிள்ளைக்கு என்ன மனு என்பது அவருக்குப் பல வருடப் பழக்கம். மூன்று சக்கர வண்டி கேட்டு ஐந்து நிமிடத்தில் மனு தயாரானது.

அக்கா வாங்கிப் படித்தாள். "இது இல்ல மாமா" என்றாள்.

"மொதல்ல வண்டி வரட்டும். கிளாஸ அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் மாமா.

குறைதீர்க்கும் கூட்டம் நடப்பது மாடி ஹாலில். மாற்றுத்திறனாளிகளிடம் மட்டும் கலெக்டர் கீழே இறங்கி வந்து மனு வாங்குவார். அன்று பத்து நாற்பதுக்கு வந்தார். அக்காவின் மனுவைப் படித்துவிட்டு, பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் ஏதோ கேட்டார். ஆறு வண்டிகளில் ஒன்றுக்கு உரியவர் வரவில்லை. "அப்ப இந்தப் பொண்ணுக்கே குடுத்துடுங்க" என்றார். போட்டோகிராபர்கள் முன்னால் வந்தார்கள். மாமா பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்தார்.

"வண்டி வேணாம் சார்" என்றாள் அக்கா.

மாமா குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற ரகசியக் குரலில், "இன்னாடி பேசற? ஊரே க்யூவுல நிக்குது. வாங்கிக்கடி" என்றார்.

"ஏம்மா வேணாம்?" என்று கேட்டார் கலெக்டர்.

"அது மாடி ஏறாது சார். எட்டாங்கிளாஸ் மாடியில இருக்குது."

"லிஃப்ட் வைக்கணும்னா ரொம்ப நாளாகுமேம்மா."

"லிஃப்ட்டெல்லாம் வேணாம் சார். எங்களுக்காக நீங்க மாடியிலேர்ந்து எறங்கி வந்தீங்க இல்ல? அந்த மாதிரி எட்டாங்கிளாஸையும் எறங்கி வரச் சொல்லுங்க. கீழ ஒரு ரூம் பூரா பழைய பெஞ்சும் ஒடஞ்ச பீரோவும்தான் கெடக்குது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கலெக்டர் சிரிக்கவில்லை. மனுவைப் பின்பக்கம் திருப்பி, "இத நீயே எழுதிக் குடு" என்று தன் பேனாவையும் நீட்டினார். அக்கா முன்பக்கத்தைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தாள். பிறகு பின்பக்கம் இரண்டு வரி எழுதினாள்.

அந்த வண்டியைச் செங்கம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார். கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நான் அழ ஆரம்பித்தேன். "ரெண்டையும் கேட்டிருக்கலாம் இல்ல?" என்று பஸ்ஸில் அக்காவைக் கேட்டேன்.

"வண்டிய வாங்கிட்டா மனு முடிஞ்சிடும்டி."

"சட்டம் பேசறா பாரு, ஒம் பொண்ணு" என்றார் மாமா, அம்மாவிடம். அக்கா சொன்னது எனக்குப் புரியவில்லை. திமிர் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

நிருபரான பிறகு அதே போர்ட்டிகோவில் எத்தனையோ திங்கட்கிழமைகள் நின்றிருக்கிறேன். வண்டி, ஊன்றுகோல், காதொலிக் கருவி என்று எது கொடுத்தாலும் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் "தீர்வு காணப்பட்டது" என்று எழுதுகிறார்கள். அதோடு அந்த மனு மூடப்படுகிறது. சாய்தளம் கட்டியதுமே பள்ளிக்கூடத்தில் சட்டத்தின் வேலை முடிந்துபோனதை அக்கா தினமும் பார்த்திருந்தாள். பிள்ளையின் தேவைக்கேற்பப் பள்ளிக்கூடம்தான் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் சட்டம் அதற்குச் சில வருடங்கள் கழித்துத்தான் வந்தது.

மனு கொடுத்த பதினோராம் நாள் எட்டாம் வகுப்பு கீழே வந்தது. அப்பா அக்காவை அதே சைக்கிளில்தான் கூட்டிப்போனார். அக்கா அந்த வருடம் படித்து முடித்துவிட்டு வேறு பள்ளிக்குப் போனாள். மூன்று வருடம் கழித்து நான் எட்டாம் வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பு கீழேயே இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தவள் தண்டராம்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். இரண்டு கால்களிலும் தாங்கி நடக்கும் இரும்புக் கேலிபர் போட்டிருந்தாள்.