நூற்று முப்பது அங்குலம்

அந்த வீட்டு மாடியறையில் நிமிர்ந்து பார்த்தால் கூரையில் நான்கு போல்ட்டுகள் தெரியும். ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். வெள்ளையடிக்கும்போதெல்லாம் அவற்றின் மேலும் ஒரு பூச்சு ஏறி ஏறி, இப்போது திருகின் வரிகூடத் தெரியாமல் மொழுக்கென்று இருக்கின்றன. எண்பது கிலோ எடையைத் தாங்குவதற்காகக் கான்கிரீட்டோடு சேர்த்துப் புதைத்தவை. இருபது வருடங்களுக்கு மேலாகியும் அவற்றில் ஒரு ஒட்டடை தவிர வேறெதுவும் தொங்கியதில்லை. இடம் தப்பு என்பது அந்த வீட்டுக்கு வந்து போகிற எல்லோருக்கும் தெரியும். யாருடைய தப்பு என்பது எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

அது திண்டுக்கல்லில் ஒரு பல் டாக்டரின் வீடு. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன், ‘ஹோம் தியேட்டர் அமைத்துத் தரப்படும்’ என்று போர்டு எழுதி மாட்டியிருந்தேன். அதுவரை யாருக்கும் அமைத்துத் தந்ததில்லை. டாக்டருக்கு சினிமா என்றால் உயிர். சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி கழித்துப்போட்ட புரொஜெக்டர் ஒன்றை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். இன்றைக்கு வருகிற மாதிரி கையடக்கச் சாமான் அல்ல. இரும்புப் பெட்டி கணக்காக இருக்கும். முன்னால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குழாய்கள், மூன்று பெரிய கண்ணாடிகள். மூன்றும் தனித்தனியாக வீசுகிற வெளிச்சம் திரையில் ஒன்றாகப் பொருந்தினால்தான் படம். இல்லாவிட்டால் கதாநாயகிக்கு மூன்று மூக்கு.

இந்த வகைப் பெட்டிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. திரையின் அகலம் இவ்வளவு என்றால் பெட்டி இவ்வளவு தள்ளித்தான் இருக்க வேண்டும், முன்னே பின்னே நகர்த்த முடியாது. அதனால் புது வீட்டு மாடியறையின் கூரைத்தளம் போடும்போதே நான்கு போல்ட்டுகளைக் கம்பியோடு கட்டிப் புதைத்துவிடலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். பெட்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு, திரை மாட்டப்போகும் சுவரிலிருந்து முதல் போல்ட்டு நூற்று முப்பது அங்குலம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொத்தனாரிடம் கொடுத்தேன்.

அவர் டாக்டருடைய அப்பாவின் காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு வேலை பார்ப்பவர். செம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். நாற்பத்தைந்து வயது இருக்கும். அளவு விஷயத்தில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது. ஒருமுறைதான் டேப்பைப் பிடிப்பார், மறுமுறை பார்க்க மாட்டார். அன்றைக்குத் தளம் போட அடித்திருந்த சென்ட்ரிங் தகட்டின் மேல் நின்று சீட்டைப் பார்த்தார். “பூச்சு கனத்துக்கு முக்கா அங்குலம் சேத்துத் தள்ளி வச்சிருக்கேன் தம்பி. நாளைக்குப் பூசுனப்புறம் நீங்க அளந்தா சீட்டுல உள்ளது அப்படியே வரும்” என்றார். எனக்கு அந்தப் பூச்சு ஞாபகமே வந்திருக்கவில்லை. தெரிந்தவன் மாதிரித் தலையாட்டினேன்.

வீடு முடிந்து பெட்டியை மாட்டப்போன அன்று காலையில்தான் எனக்குத் தப்பு பிடிபட்டது. நூறு அங்குலத் திரை என்றால் அந்த நூறு மூலைக்கு மூலை அளப்பது. அகலம் எண்பதுதான். நான் நூறையே அகலமென்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். வர வேண்டியது நூற்று நான்கு. போல்ட்டு இரண்டடிக்கு மேல் பின்னால் தள்ளிப் போய்விட்டது. பெரிய திரை போடலாமென்றால் சுவரின் இரண்டு பக்கமும் கதவு. ஏணியில் நின்றபடி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் உள்ளே வந்து, “என்னப்பா, முழிக்கிற?” என்றார்.

“போல்ட்டு தள்ளி இருக்கு சார். நான் நூத்தி நாலுன்னுதான் எழுதிக் குடுத்தேன்” என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. ஆனால் அடுத்த பத்து நிமிடத்தில் கொத்தனார் வந்து நின்றபோது யோசிக்க நேரம் இருந்தது. “சீட்டுல நூத்தி முப்பதுன்னுல்ல தம்பி இருந்துச்சு” என்று சட்டைப் பையைத் தடவினார். பிறகு அவரே, “சட்டையோட வீட்டுக்காரி தண்ணியில முக்கிட்டாளே” என்று முனகினார். சீட்டு இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. “நூத்தி நாலுதாண்ணே எழுதுனேன். இந்த வயசுல கிட்டத்து எழுத்து மங்கத்தான் செய்யும். கண்ணக் காட்டிருங்க” என்றேன். அக்கறையாக வேறு சொன்னேன். அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பெரிய வேலை, நான்தான் எல்லாம் தெரிந்தவன் என்று அடித்த ஜம்பம், ஊரில் பேர் கெட்டுவிடும் என்ற பயம், இவை எல்லாம் உண்மைதான். ஆனால் பேர் என்று ஒன்று அவருக்கும் இருந்தது.

புதிதாகத் துளை போட்டு வேறு நான்கு போல்ட்டுகள் இறக்கி, நாலு ஆட்கள் தோள்கொடுத்துப் பெட்டியை மாட்டினோம். மூன்று நிறங்களையும் ஒன்றாகப் பொருத்த எனக்கு இரண்டு நாள் ஆனது. ஒரு கோட்டைத் திரையில் வரவைத்து, சிவப்பை நகர்த்தி, நீலத்தை நகர்த்தி, மூன்றும் சேர்ந்து ஒரே வெள்ளைக் கோடாக ஆனபோது டாக்டர் கைதட்டினார். எனக்குச் சந்தோஷமாக இல்லை.

டாக்டர் கிறிஸ்தவர். புதுவீட்டு மந்திரிப்புக்குச் சர்ச்சிலிருந்து சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனதும், வீட்டுக்காக உழைத்தவர்களுக்குத் தட்டில் வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பார்கள். எந்தச் சாதி, எந்த மதத்து வீடானாலும் எங்கள் பக்கம் முதல் தட்டு கொத்தனாருக்குத்தான். அன்று முதல் தட்டுக்கு என்னைக் கூப்பிட்டார் டாக்டர். “தப்பாப் போனதச் சரி பண்ணிக் குடுத்தவன் இவன்தான்” என்று எல்லோரிடமும் சொன்னார். கொத்தனார் வெளுத்த சட்டை போட்டு மனைவியோடு வந்திருந்தார். தச்சர், எலெக்ட்ரீஷியன் என்று ஒவ்வொருவராகப் போய் வாங்கினார்கள். அவர் பெயரைக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. நான் தட்டோடு திரும்பியபோது இருவரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சாப்பிடாமலே போனார்கள். அந்த வேட்டியை நான் உடுத்தவில்லை. அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதைக் கட்டிக்கொண்டு பெருமையாகக் கடைவீதிக்குப் போவதைப் பார்க்கவும் சகிக்கவில்லை.

அதற்குப் பிறகு டாக்டர் வீட்டில் அது ஒரு கேலியாகிவிட்டது. யாராவது சாவியை எதிரில் வைத்துக்கொண்டே தேடினால், “கொத்தனார் கண்ணா உனக்கு?” என்பார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை நிறம் சரிபார்க்கப் போகும்போதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். கொத்தனார் கண்ணாடி போட்டுக்கொண்டார் என்றும், முழு வீட்டு வேலையை ஒப்புக்கொள்வதை விட்டுவிட்டார் என்றும் காதில் விழுந்தது. விழுந்ததை அப்படியே தட்டிவிட்டுக்கொண்டு என் பிழைப்பைப் பார்த்தேன்.

போன மாதம் டாக்டர் கூப்பிட்டார். பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு ஒரு சின்னப் புரொஜெக்டர் மாட்ட வேண்டுமாம். போய் டேப்பை நீட்டினேன். எண் கலங்கலாகத் தெரிந்தது. பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினேன். “உனக்கும் கொத்தனார் கண்ணு வந்திருச்சா?” என்று டாக்டர் சிரித்தார். அன்றைக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. கொத்தனார் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். “செம்பட்டிப் பக்கம் ஏதோ சில்லறை வேலை பாக்கறதாக் கேள்வி” என்றார்.

மறுநாள் போனேன். விசாரித்துக் கண்டுபிடித்தபோது ஒரு வீட்டுக் குளியலறைக்குக் கதவு நிலை வைத்துக்கொண்டிருந்தார். தடிமனான கண்ணாடி. ஒரு தடவை அளந்தார். திரும்ப அளந்தார். மூன்றாவது தடவையும் அளந்துவிட்டு, வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, “ஆத்தா, செத்த பாத்துச் சொல்லு, முப்பதுதானா?” என்று கேட்டார். அந்தம்மா குனிந்து பார்த்து, “முப்பதுதான்” என்றது. அதன்பிறகே பென்சிலால் கோடு போட்டார். நான் அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

என்னை அடையாளம் தெரிந்துகொள்ளச் சற்று நேரமானது. சொல்லவேண்டியதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அப்ப நூத்தி முப்பதுன்னுதான் இருந்துச்சா?”

“ஆமாண்ணே.”

“வீட்டுல அம்புட்டு தடவ சொன்னேன். அவ நம்பல. பெறகு நானும் நம்பல.”

மன்னித்துவிடுங்கள் என்றேன். “எங்கிட்டச் சொல்லி என்னாகப் போகுது? நீங்க பொய் சொன்னது டாக்டரய்யா வீட்டுல. அங்க வந்து சொல்லுங்க. நானும் வாரேன்” என்றார். பூச்சுக் கரணையைக் கழுவி வைத்துவிட்டு, சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் வண்டியில் ஏறினார்.

மாடியறையில் டாக்டரும் அவர் மனைவியும் நிற்க, நான் சொன்னேன். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கொத்தனார் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஏணியை இழுத்துப் போட்டு ஏறி, அந்த நான்கில் முன்னால் இருந்த போல்ட்டில் தூக்குக்குண்டின் நூலைக் கட்டி இறக்கினார். குண்டு ஆடி ஆடி நிற்கும்வரை ஏணியிலேயே காத்திருந்தார். பிறகு இறங்கி, அதன் நுனிக்கு நேர்கீழே தரையில் ஒரு புள்ளி வைத்து, சுவரிலிருந்து டேப்பை இழுத்தார்.

“நூத்தி முப்பது” என்றார்.

டேப்பை விட்டுவிட்டார். அது சரசரவென்று சுருண்டு உள்ளே போனது. அன்று அவர் ஒரே ஒரு தடவைதான் அளந்தார்.