ரசம் குடித்த உளவாளி

போன வாரம் சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் நண்பர் வீட்டுக்குப் போகும்போது மின்தூக்கி பாதியில் நின்றுவிட்டது. நான் பதறவில்லை. எல்லாப் பொத்தான்களையும் ஒரே சமயத்தில் அழுத்தினேன், கதவை முழங்கையால் இடித்தேன், மனதுக்குள் உயில் எழுதினேன். மற்றபடி பதறவில்லை. அபாய மணி அலறத் தொடங்கியது. கூடவே ஒரு பெண் குரல் பதில் சொன்னது: "சார், தனியா இருக்கீங்களா? ஆள் வர்றாங்க, வெய்ட் பண்ணுங்க." எனக்கு முன்னால் யாரோ சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோயிருக்க வேண்டும். உள்ளே சீரகமும் பூண்டும் மணத்தன. பூட்டிய மின்தூக்கி, ரச வாசனை. இந்த இரண்டும் சேர்ந்தால் எனக்கு ஆகாது. காரணம் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன்னால், புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி ஒன்று, ஐந்து, ஒன்பது மாடிகளில் மட்டுமே நிற்கும். எங்கள் வீடு ஏழில். துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. சனிக்கிழமை மதியங்களில் ஓர் உளவாளித் தொடர் மறுஒளிபரப்பாகும். அறுபதுகளில் எடுத்தது, கறுப்பு வெள்ளை. கதாநாயகன் எந்த ஆபத்திலும் கோட்டில் ஒரு சுருக்கம் விழாமல் தப்பிப்பான். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி பழுது. அதனால் ஒன்பதாம் மாடியில் இருந்த ஆரோக்கியம் அண்ணன் வீட்டில்தான் பார்ப்பேன். முந்தைய சனிக்கிழமை கதாநாயகனை ஓர் இரும்பு அறைக்குள் அடைத்து, இரண்டு பக்கச் சுவரையும் நகரவிட்டு, 'தொடரும்' போட்டுவிட்டார்கள். ஒரு வாரம் முழுக்கப் பட்டறையில் வெல்டிங் பொறி பறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறைதான்.

அண்ணனுக்குச் சளி பிடித்திருந்தது. அம்மா கொதிக்கக் கொதிக்க ரசம் வைத்து, பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ராஃபியா கயிற்றால் கட்டிக் கொடுத்தார். இரண்டு மாடி ஏறினால் அண்ணன் வீடு. ஆனால் உளவாளி படியேறி வருவானா? இரண்டு மாடி இறங்கி, ஐந்தாம் மாடியில் மின்தூக்கி பிடித்தேன். உள்ளே சுவரில் சாய்ந்து ஒரு காலை மடக்கி, பையைத் துப்பாக்கி மாதிரி ஒருமுறை சுழற்றினேன். பையின் மூலை விட்டுப்போய், ரசம் தரையில் கொட்டியது.

அந்தக் காலத்து மின்தூக்கியில் ஒரு கருவி இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். உள்ளே சிறுநீர் கழிப்பவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக வைத்தது. தரையில் உப்புநீர் பட்டால் மணியடிக்கும், கதவைப் பூட்டிக்கொள்ளும். அம்மாவின் ரசத்தில் உப்புக்கு என்ன குறைச்சல்?

ஒன்பதாம் மாடிக்குப் போய் நின்றது. கதவு திறக்கவில்லை. மணி மட்டும் ஊரைக் கூட்டியது. வெளியே செருப்புச் சத்தங்கள்.

"உள்ள யாரு?"

"எவனோ அவசரம் தாங்காம வேலையைக் காட்டிட்டான்."

கதவிடுக்கு வழியாக அண்ணன் வீட்டுத் தொலைக்காட்சியின் இசை வேறு கேட்டது. அங்கே உளவாளியைச் சுவர் நெருக்குகிறது, இங்கே என்னை. காலடியில் மஞ்சளாக ஒரு குட்டை. கையில் மிச்ச ரசம், அதுவும் சொட்டிக்கொண்டு. மூளை முழுக்கத் தொடர்தானே? உளவாளி மாட்டிக்கொண்டால் ரகசியக் காகிதத்தை மென்று விழுங்குவான். நானும் தடயத்தை அழித்தேன். கொதிக்கிற ரசத்தை அண்ணாந்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காலிப் பையைச் சட்டைப்பைக்குள் திணித்தேன்.

நான் குற்றமற்றவன் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த ரசம். இது தொண்டையைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

கதவைத் திறந்த பழுதுபார்ப்பவர், வயதான சீனர். தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயோ... யூ ஆ? பிக் மேன் ஆல்ரெடி லா!"

நாக்கு வெந்திருந்தது. "லசம்," என்றேன்.

"என்னது?" என்றது கூட்டம்.

"லசம்! அம்மா வச்ச லசம்!"

"சரி, ரசம் எங்கே?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"குடிச்சுட்டேன்."

"குடிச்ச உடனே வந்துருச்சா?"

தாழ்வாரமே சிரித்தது. அந்த நொடியில், திரும்ப உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். இனி இந்த புளோக்கில் எனக்குப் பெயர் என்னவாக இருக்கும், அம்மா எப்படி மார்க்கெட்டுக்குப் போவார், எந்த வீட்டில் எனக்குப் பெண் கொடுப்பார்கள், எல்லாம் கண்முன் வந்தது.

அப்போது ஜெசிந்தா அக்கா வந்தார், ஆரோக்கியம் அண்ணனின் மனைவி. கூட்டத்தை விலக்கினார். குனிந்தார். குட்டைக்குள் இரண்டு விரலை விட்டு எதையோ எடுத்து, எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். கறிவேப்பிலை.

"பாத்துக்குங்க. இது எந்த மனுசனுக்குள்ள முளைக்குது லா?"

இரண்டாவது தடவை தாழ்வாரம் சிரித்தது. இந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன்.

வீட்டுக்குள் போனபோது தொடர் முடிந்து செய்தி ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை களேபரத்திலும் நாற்காலியை விட்டு எழாத ஒரே ஆள் அண்ணன். முடிவைப் பார்த்தவரும் அவர் ஒருவர்தான்.

"எப்படிண்ணே தப்பிச்சான்?"

"நீ எப்படித் தப்பிச்ச? அதச் சொல்லு முதல்ல. ஏன்டா, எனக்கு வந்த ரசம்தானே அது?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு முடிவு சொன்னார். காலணிக் குதிகாலில் ரம்பம். கோட்டுப் பொத்தானில் வெடி. ஒரு வாரம் அவன் மூச்சை இழுத்துப் பிடித்தே சுவரை நிறுத்தினான். "போன வாரம் வேற சொன்னீங்களே?" என்றால், "அது முதல் தடவை தப்பிச்சது," என்பார்.

இதெல்லாம் மனதில் ஓட, மாட்டிக்கொண்ட மின்தூக்கிக்குள் நின்றபடியே கைப்பேசியில் அந்த அத்தியாயத்தைத் தேடினேன். இருந்தது. கீழே உலகத்து ரசிகர்களின் கருத்துகள். 'தொடரிலேயே சொதப்பல் அத்தியாயம் இதுதான்' என்கிறார் ஒருவர். 'கோட்டு அருமை, கதை சுமார்' என்கிறார் இன்னொருவர். மூன்றாமவருக்குக் கடுங்கோபம்: 'இத்தனை கருவிகளை வைத்துக்கொண்டு ஒன்றையும் தொடவில்லை. தேநீர் கொண்டுவரும் பெண் சும்மா வெளியிலிருந்து கதவைத் திறந்துவிடுகிறாள். இதெல்லாம் ஒரு முடிவா?'

முடிவுதான் ஐயா. என்னைக் கேட்டால், அந்தத் தொடரில் நிஜமாக நடக்கக்கூடியது அது ஒன்றுதான்.

ஆனால் அண்ணன் இத்தனை முடிவு சொன்னாரே, உண்மையான இதை மட்டும் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால், "உன்னை மாதிரிதான்டா," என்று ஒரே வாரத்தில் கதை முடிந்திருக்கும். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி பழுது நீங்கிய பிறகும் நான் அங்கே போய்க்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கேட்டுச் சரிபார்க்க அண்ணன் இல்லை. அக்கா, தன் மகனோடு பெர்த்துக்குப் போய்விட்டார். அந்தக் கருவியையும் எங்கும் காணோம். இப்போதெல்லாம் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கிறது.

ஒருவழியாக மின்தூக்கி நகர்ந்து ஒரு மாடியில் நின்றது; கதவு தானாகவே திறந்தது. பழக்கதோஷத்தில் முதலில் தரையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பிறகு நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவு நேரம் மணியடித்திருக்கிறது. நீண்ட தாழ்வாரம், சாத்திய கதவுகள். என்னைச் சந்தேகப்படக்கூட ஒருவரும் வெளியே வந்திருக்கவில்லை.